பார்க்கே கேட்டாய், பார்க்கிங் போட்டேன்

சேசு மரி சூசை துணை

குருசுக்குப்பம், புதுச்சேரி
நவம்பர் 9

அன்புள்ள தம்பி ஜோசப் ஆனந்துக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கு நான் சுகம், சர்க்கரையும் ஏறவில்லை. துலூசில் நீயும் மருமகள் ஆஷ்லினும் என் பேத்தி அபியும் அந்தக் குளிரில் சளி பிடிக்காமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ ஒன்பது வார்த்தை சொல்லிவிடுகிறாய். தாளில் நீ குறுக்கே பேச முடியாது. முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

கீழ்வீட்டை வாடகைக்கு விடும் முன்னால் வெடித்துப்போன சிமெண்ட் தரையை மாற்றவேண்டும் என்று சொன்னது நீ, பார்க்கே டைல்ஸ் போடச் சொல் என்றதும் நீதான். அங்கே போனதிலிருந்து நீ எந்த வார்த்தைக்கும் வால் வைப்பதில்லை, பாரிஸைப் பாரி என்கிறாய், ரெஸ்டாரண்டை ரெஸ்தோரான் என்கிறாய், பார்க்கிங்கின் வாலையும் நறுக்கிவிட்டாய் என்றுதான் நான் நினைத்தேன், வேறு என்ன நினைப்பேன். நம் கமலக்கண்ணன் மேஸ்திரி என்னிடம் இரண்டு தடவை கேட்டார், 'அது வண்டி நிறுத்தற எடத்துக்குப் போடறதும்மா, ஊட்டுக்குள்ள யாரும் போட மாட்டாங்க' என்று. என் பிள்ளை பிரான்சில் இருக்கிறான், அவனுக்குத் தெரியாததா என்று நான்தான் அவர் வாயை அடைத்தேன். ஹாலிலிருந்து சமையற்கட்டு வரைக்கும் சொரசொரவென்று கனமான பார்க்கிங் டைல்ஸ் போட்டு முடித்துப் போட்டோ அனுப்பினால் நீ போட்ட கூச்சலில் என் காது இன்னும் அடைத்திருக்கிறது. பார்க்கே என்றால் மரப்பலகைத் தரை, அதைப்போலத் தெரிகிற டைல்ஸைத்தான் கேட்டேன் என்று அப்போது சொல்கிறாய். அதை முன்னாலேயே தமிழில் சொல்ல உனக்கு என்ன வந்தது.

சரி, தப்பு என்னுடையதும்தான் என்று நானும் உடைக்கச் சம்மதித்தேன். மேஸ்திரி செவ்வாய்க்கிழமை காலையில் ஆள் கூட்டிக்கொண்டு வந்தும்விட்டார். அந்த நேரம் பார்த்து, வீடு வாடகைக்கு என்று கேட்டில் நான் மாட்டிவைத்த அட்டையைக் கண்டு ஒரு பெண் மூன்று சக்கர ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். பெயர் அஞ்சலாட்சி, நாற்பத்தைந்து வயது இருக்கும், தட்டாஞ்சாவடியில் பிளாஸ்டிக் குடம் செய்கிற கம்பெனியில் வேலை. குழந்தையில் போலியோ வந்து ஒரு கால் சூம்பிப்போனது, ஊன்றுகோல் வைத்துத்தான் நடக்கிறாள். வீடு பார்க்க வருகிறவர்கள் தண்ணீர் வருமா, காற்று வருமா என்று கேட்பார்கள். இவள் ஒன்றும் கேட்கவில்லை, ஊன்றுகோலைத் தரையில் வைத்து இழுத்துப் பார்த்தாள். பிறகு ஹாலிலிருந்து சமையற்கட்டுக்குப் போனாள், பின்கட்டுக்குப் போனாள், திரும்பி வரும்போது கையில் ஊன்றுகோல் இல்லை. அதைச் சமையற்கட்டுச் சுவரில் சாய்த்துவிட்டு, கையை ஆட்டிக்கொண்டு தானாக நடந்து வந்தாள். 'இதுல கால் நிக்குதும்மா, எல்லா வூட்லயும் கண்ணாடி மாதிரி போட்டு வச்சிருக்காங்க' என்றாள். நான் மேஸ்திரியைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். வந்த ஆட்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

சாவியை அன்றைக்கே அவளிடம் கொடுத்துவிட்டேன் தம்பி. உன்னைக் கேட்கவில்லை. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சனி ஞாயிறுக்கு வருகிறவர்களுக்கு விடலாம், மரத்தரை போட்டால் பிரெஞ்சுக்காரன் வீடு மாதிரி இருக்கும், போட்டோ பார்த்தே வருவார்கள் என்று நீ கணக்குப் போட்டாய். வாரத்துக்கு ஒரு புது முகம் வந்து, மாடியில் இருக்கிற என் காலுக்குக் கீழே பாட்டுப் போட்டு ஆடுவதற்கு நான் இந்த வீட்டைக் காத்துக்கொண்டு உட்காரவில்லை. பக்கத்து வீட்டுக் கிறிஸ்துதாஸ் பெரிய மனுஷத்தனமாக வந்து, 'ஒண்டிப் பொம்பளைக்கா மேரி வூட்ட குடுக்கற, நல்லா யோசிச்சியா' என்று கேட்டார். உன் அப்பா போய் ஆறு வருஷமாக இங்கே தனியாக இருக்கிற நான் யாராம், ஒண்டிப் பொம்பளைதானே, கூரை என்ன இடிந்தா விழுந்தது என்று கேட்டேன். நாலு நாளாக அவர் இந்தப் பக்கம் திரும்பவில்லை. உன் அப்பா உயிரோடு இருக்கும்போதே இந்த வீட்டை என் பேரில் எழுதிவைத்தது எதற்கு என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது. மழை வந்தால் ஸ்கூட்டரை ஹாலுக்குள்ளேயே நிறுத்திக்கொள் என்றும் அஞ்சலாட்சியிடம் சொல்லியிருக்கிறேன். பார்க்கிங்தானே.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஆகஸ்டில் மூன்று வாரம் என் போனில் கேமரா கெட்டுவிட்டது என்று முகம் காட்டாமல் பேசினேன், ஞாபகம் இருக்கும். கேமரா நன்றாகத்தான் இருந்தது. மாடியில் நீ ஆசை ஆசையாகப் போட்டுக்கொடுத்த வெள்ளை டைல்ஸில், துடைத்த ஈரம் காய்வதற்குள் வழுக்கி விழுந்து, இடது மணிக்கட்டு உடைந்து மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள். முகத்திலும் அடி. அன்றைக்கு எழுந்திருக்க முடியாமல் வெகுநேரம் தரையிலேயே கிடந்தேன். பிள்ளை ஆசையாகப் போட்டது, சொன்னால் வருத்தப்படுவான் என்று வாயை மூடிக்கொண்டேன். அன்றிலிருந்து என் சொந்த வீட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறேன், மாடித் தரையின் அந்தப் பளபளப்பைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. அந்தப் பெண் கையை வீசிக்கொண்டு நடந்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது, அதுதான் உண்மை. வருகிற திங்கட்கிழமை மேஸ்திரி மாடிக்கு வருகிறார். உன் வெள்ளை டைல்ஸ் முழுவதும் போகிறது, அங்கேயும் பார்க்கிங் டைல்ஸ்தான். வேண்டாம் என்று போன் பண்ணாதே, எடுக்க மாட்டேன்.

ஆஷ்லின் இடுப்பு வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். அபியோடு தமிழில் பேசு. உங்கள் மூவரையும் மாதா தன் முந்தானையில் வைத்துக் காப்பாற்றட்டும், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. கிறிஸ்துமஸுக்கு வரும்போது அம்மா நடப்பதைப் பார், சுவர்ப் பக்கமே போக மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மாவும் இந்த வீட்டுக்காரம்மாவுமான
இருதயமேரி