மூன்றாவது தடவை கேட்க மாட்டாராம்

எருசலேம்,
ஞாயிறு காலை.

அன்புள்ள தம்பி செலிமுக்கு,

அண்ணி லத்தீஃபா எழுதுகிறேன். கிழித்துப் போடுவதற்கு முன் ஒருமுறை படித்துவிடு. தபாலில் போட்டால் நோன்பு முடிந்த பிறகுதான் புவெனோஸ் அயர்ஸ் வந்து சேரும். அதனால் இன்று விமானம் ஏறும் பக்கத்து வீட்டு பஹியாவிடம் கொடுத்தனுப்புகிறேன். தொலைபேசியில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாயே, வேறென்ன செய்வேன்?

உன் அண்ணன் முராதுக்குச் சர்க்கரை முற்றிவிட்டது. போன வருடம் பாவமன்னிப்பு நாளில் தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்று, கடைசித் தொழுகையில் சுருண்டு விழுந்தார். இந்த முறை விழுந்தால் எழமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நம் யூதத் தொழுகைக்கூடத்துக் குருவான ஹாகாமே வீட்டுக்கு வந்து, "முராது, உனக்கு நோன்புதான்யா பாவம்! பத்து நிமிஷத்துக்கு ஒரு வாய் தண்ணி, ஒரு விள்ளல் ரொட்டி. மாத்திரை மாதிரி முழுங்கு" என்று திட்டினார்.

இவர் அசையவில்லை. "கடவுளுக்குச் செஞ்ச தப்பை அந்த நாள் கழுவிடும். தம்பிக்குச் செஞ்சதை அவன் வாயாலதானே கழுவணும்? அதுவரைக்கும் எனக்கு எதுக்கு ரொட்டி?" என்கிறார். வியாழக்கிழமை என்னைக் கூப்பிட்டு, வீட்டுப் பத்திரம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று காட்டினார்.

அம்மா இறந்த அன்று, நீ வந்திறங்க நான்கு மணி நேரம் இருக்கும்போதே அடக்கம் செய்துவிட்டதற்காக உன்னிடம் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டார். இன்னொரு தடவை கேளுங்கள் என்று கெஞ்சினேன். மாட்டாராம். நம் மதத்தில், மூன்று தடவை மனதாரக் கேட்டும் மறுத்தால் கேட்டவர் விடுபடுவார், பாவம் மறுத்தவன்மேல் ஏறும் அல்லவா? "அவன் பிடிவாதக்காரக் கழுதை, மறுபடியும் மாட்டேன்னுதான் சொல்வான். அது அவன் தலையில விழறதுக்கா நான் கேக்கணும்?" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

இனியும் மறைக்க மாட்டேன். அன்று உனக்காகக் காத்திருக்கலாம் என்றுதான் அவர் சொன்னார். எருசலேமில் பிணத்தை இராத்தங்க விடுவார்களா, ஊர் என்ன பேசும் என்று விரட்டியவள் நான். பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார். நானும் ஆறு வருடம் வாய் திறக்காமல் இருந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை இங்கே சூரியன் மறைந்து நோன்பு தொடங்குவதற்குள் கூப்பிடு. உங்கள் ஊரில் அப்போது நண்பகல்தான் ஆகியிருக்கும். இது அவர் கேட்பது அல்ல. மூன்றாவது தடவையாக எண்ணிவிடாதே. கேட்பவள் நான், எனக்கு இதுதான் முதல் தடவை. என்னை மன்னிக்காவிட்டாலும் போகட்டும். "அண்ணா, சாப்பிடு" என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடு.

வரும் வருடம் வாழப்போகிறவர்களைக் கடவுள் குறித்துவைக்கும் வாழ்வின் ஏட்டில் உன் பெயரும் உன் பிள்ளைகள் பெயரும் எழுதப்படட்டும். அவர் பெயரையும் உங்களோடு சேர்த்தே வேண்டிக்கொள்கிறேன்.

உன் அண்ணி,
லத்தீஃபா