என் வழக்கை மட்டும் ஏன் போடவில்லை, அண்ணா?

கோபத்திலும் எனக்குப் பிரியம் குறையாத அண்ணாவுக்கு,

நீ போய் ஒரு மாசம் ஆகப்போகிறது. பதிமூணு நாள் காரியமும் குறையில்லாமல் நடந்தது. மன்னி வேளைக்குச் சாப்பிடுகிறாள், கவலைப்படாதே. நான்தான் இலை முன்னால் உட்கார்ந்ததும் எழுந்துவிடுகிறேன். துக்கம் என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள். துக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் எழுந்துவிடுவதற்குக் காரணம் வேறே.

முதலில் உன் கோர்ட்டுச் சமாச்சாரம். திருவள்ளூர் வக்கீல்கள் எல்லாரும் சேர்ந்து உனக்கு இரங்கல் கூட்டம் போட்டார்கள். உன் படத்துக்கு ரோஜா மாலை. மன்னியையும் என்னையும் பின்வரிசையில் உட்காரவைத்துவிட்டு ஆள் மாற்றி ஆள் பேசினார்கள். "அபலைப் பெண்களின் கண்ணீரைத் துடைத்த கை" என்று ஒருவர் குரல் தழுதழுக்கச் சொன்னார். கூண்டில் ஒரு பெண் அழுகிறாள் என்றால் தன் கேஸை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்து பின்பெஞ்சில் உட்காருவாரே, அவர்தான். அவரைப் பற்றி நீயே எத்தனை தடவை வீட்டுக்கு வந்து திட்டியிருக்கிறாய். கூட்டம் முடிந்ததும் போண்டா, காபி. போண்டா நன்றாக இருந்தது என்று அவரே இரண்டு பேரிடம் சொன்னார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாதது அதற்கு முன்பே, பதிமூணாம் நாள் சுபத்தன்று நம் வீட்டுக் கூடத்தில் நடந்துவிட்டது.

எனக்குத் தாலி கட்டிய மனுஷர் அரக்கோணத்திலிருந்து வந்தார். நீ உயிரோடு இருந்தவரை நம் தெருப்பக்கம் தலைகாட்டாதவர். புது ஜரிகை வேஷ்டி கட்டிக்கொண்டு, மாப்பிள்ளை முறுக்கோடு முதல் பந்தியில் உட்கார்ந்தார். தொன்னையில் திருக்கண்ணமுதை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தார். கை அலம்பிவிட்டு வந்து, பெரியப்பா, சித்தப்பா எல்லாரும் இருக்கும்போது சொன்னார்: "மச்சினர் போய்ட்டார். இனிமே இவளுக்கு யார் இருக்கா? நடந்தது நடந்துபோச்சு. அவ வந்தா வெச்சுக்க நான் தயாரா இருக்கேன்."

பெரியப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பெரிய மனசு. கோமளம், பெருமாளே வழிவிட்டிருக்கார். பெட்டியைக் கட்டு" என்றார்.

நான் சிரித்துவிட்டேன் அண்ணா. புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். எனக்கு எப்படிச் சிரிப்பு வராமல் இருக்கும்? அந்த வாக்கியம் தயாரானதே உன் கட்சிக்காரர்கள் வந்து உட்காரும் நம் வாசல் அறையில்தானே.

கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை பக்கம் கம்பெனிகள் வர ஆரம்பித்த காலம். நெல் வயலில் நின்றவனெல்லாம் மாசச் சம்பளம் வாங்கினான். சம்பளம் வந்த கையோடு சிலர் இரண்டாம் குடும்பமும் வைத்துக்கொண்டார்கள். முதல் பெண்டாட்டி ஜீவனாம்சம் கேட்டு கோர்ட்டுக்கு வந்தாள். அதுவரை வரப்புத் தகராறும் பாகப்பிரிவினையும் பார்த்துக்கொண்டிருந்த நீ குடும்ப வழக்கு வக்கீல் ஆனது அப்போதுதான். இரண்டு பக்கத்துக்காரர்களும் உன்னைத் தேடி வந்தார்கள். நீ இரண்டு பக்கத்துக்கும் ஆஜரானாய்.

ஒரு நாள் காபி எடுத்துக்கொண்டு வந்தவள் வாசல் அறைக் கதவுக்குப் பின்னால் நின்றுவிட்டேன். உள்ளே ஒரு கம்பெனிக்காரன். நீ அவனுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தாய்.

"கூண்டிலே ஏறினதும் கையைக் கட்டிக்கோ. குரலை உசத்தாதே. 'அவ வந்தா வெச்சுக்க நான் ரெடிங்க'ன்னு மட்டும் சொல்லு. வேற எதுக்கும் வாயைத் திறக்காதே. ஏன் போகமாட்டேங்கறான்னு அவதான் அப்புறம் நிரூபிக்கணும். இல்லேன்னா ஜீவனாம்சம் கிடையாது."

அவன் பயந்துபோய்க் கேட்டான்: "நெஜமாவே வந்துட்டா இன்னா சார் பண்றது?"

"வரமாட்டாப்பா. உங்கிட்ட அடி வாங்கினவ எப்படி வருவா?"

இரண்டு பேரும் சிரித்தீர்கள். காபியை வைத்துவிட்டு வந்தேன். அன்றைக்கு முழுக்க உன் முகத்தைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. தொழில் என்றால் அப்படித்தான் என்று மன்னி சமாதானம் சொன்னாள்.

நீ கெட்டவன் இல்லை. அதை நான் எங்கேயும் சொல்வேன். போகப்போகப் பெண்கள் பக்கம்தான் அதிகம் நின்றாய். அவர்களுக்கு உன்னிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாத விஷயங்கள் இருந்தன. "கொல்லைப் பக்கமா போய் என் தங்கைகிட்ட சொல்லும்மா" என்பாய். நம் ஆசாரம் அவர்களை வீட்டுக்குள் விடாது, சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து துவைக்கிற கல்லில் உட்காருவார்கள். புருஷன் செய்ததைச் சொல்ல வந்தவளுக்கு வாசல் வழி கிடையாது. அதையும் நாம் வெட்கமில்லாமல்தான் செய்தோம்.

கவரைப்பேட்டை பூங்காவனத்தை நினைவிருக்கிறதா? "இன்னான்னு சொல்றது யக்கா. சொன்னா என் நாக்குதான் அழுகிப்பூடும்" என்று தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு திரும்பி உட்கார்ந்து முதுகைக் காட்டினாள். பெல்ட்டின் தழும்பு. நான் உன்னிடம் வந்து நாலு வார்த்தையில் சொன்னேன், நீ அதை மனுவாக்கினாய். அவள் புருஷனும் கோர்ட்டில் அதே பாட்டைத்தான் பாடினானாம், வெச்சுக்க ரெடி என்று. "எங்கே வெச்சுப்பே? உன் வீட்டில் இப்போ யார் இருக்கா?" என்று நீ கேட்டதும் அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டதை, சாப்பிட்டுக்கொண்டே எனக்கு நடித்துக் காட்டினாய். நான் ரசம் விட்டுக்கொண்டே பெருமையாகக் கேட்டேன்.

அண்ணா, பூங்காவனத்துக்கு முதுகு. எனக்குத் தொடை.

அதற்கு வெகு முன்பே, காய்ச்சின தோசைத்திருப்பியால் அவர் சூடு போட்ட தழும்பை, அரக்கோணத்துக்கு என்னைப் பார்க்க வந்த மன்னி பார்த்தாள், திரும்பிப் போய் உன்னிடம் சொன்னாள். நீ அடுத்த ரயிலிலேயே அரக்கோணம் வந்து என்னைக் கையோடு கூட்டிவந்தாய். வழியெல்லாம் என் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அந்த நன்றி எனக்குச் சாகிறவரை இருக்கும். ஆனால் அதற்கப்புறம்? அந்தக் காலச் சட்டத்தில் கொடுமைக்காக நேராக விவாகரத்து கிடையாது, பிரிந்திருக்க மட்டும்தான் உத்தரவு தருவார்கள் என்று சொன்னாய். சரி, அந்த உத்தரவையாவது வாங்கினாயா?

பிறகு சட்டத்தைத் திருத்தினார்கள். நீதான் பேப்பரைப் பார்த்துச் சொன்னாய், இனி கொடுமை என்றாலே விவாகரத்து வாங்கலாம் என்று. நான் டபராவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நீ அடுத்த வார்த்தை என்ன சொல்வாய் என்று நின்றேன். காபியில் சர்க்கரை பத்தவில்லை என்றாய்.

மன்னி ஒரு தடவை கேட்டுவிட்டாள். நீ சொன்ன பதில் கொல்லையில் இருந்த என் காதிலும் விழுந்தது. "கோயில் கைங்கரியக் குடும்பம். என் தங்கையே கோர்ட்டில் போய் நின்னா நாளைக்கு எவன் என்னை மதிப்பான்?" ஊருக்கெல்லாம் கல்யாண பந்தத்தை அறுத்துவிட்டவன் வீட்டில் நான் வாழாவெட்டியாக உட்கார்ந்திருந்தேன். ஊர் உன்னை மதித்தது.

இப்போது நடந்ததைக் கேள். பெரியப்பா நாள் பார்த்துவிட்டார். வரும் வாரமே என்னை அரக்கோணத்தில் கொண்டுபோய் விடுவதாகப் பேச்சு. நான் யாரிடமும் சொல்லாமல் ரயிலேறிக் கடம்பத்தூர் போனேன், சுப்பராயலு வக்கீலைப் பார்க்க. உனக்கு எதிராகவே ஆஜராகிக்கொண்டிருந்தவர், தரகர் வக்கீல் என்று நீ கேலி செய்வாயே, அவரிடம்தான். திருவள்ளூரில் யாரிடம் போவது? எல்லாரும் உன் படத்துக்கு மாலை போட்டவர்கள்.

என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். முழுக்கக் கேட்டார். "கேஸு நல்ல கேஸும்மா. ஒரே ஒரு எடத்துல தான் பேஜாரு" என்றார்.

"எந்த இடத்தில்?"

"இத்தினி வருசம் ஏன் சும்மா இருந்தேன்னு சட்டமே கேக்கும். அதுக்கு மேல எதிர்க்கட்சி வக்கீலு கேப்பான், கூடப்பொறந்த அண்ணனே இந்த மாதிரி கேஸுக்குப் பேர்போன வக்கீலு, கொடுமை நெஜம்னா அவரே போட்டிருக்க மாட்டாரான்னு. நானா இருந்தாலும் அதைத்தாம்மா கேப்பேன்."

சேர்ந்து வாழலாம் என்று இத்தனை நாள் காத்திருந்தேன் என்று சொன்னால் என்ன என்று கேட்டேன். உன் பேர் கெடாதே என்றுதான் கேட்டேன்.

அவர் தலையை ஆட்டினார். "அத்தச் சொன்னியானா முடிஞ்சுபோச்சு. நான் தான் கூப்புடறேனே, வான்னு சொல்லிடுவாரு ஊட்டுக்காரரு. உங்கண்ணன் கத்துக்குடுத்த வேலைதாம்மா அது, எனுக்குத் தெரியாதா?"

ஆக, உன் பேரைக் காப்பாற்றினால் நான் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். நான் தப்ப வேண்டுமானால் உன் பேரைச் சொல்ல வேண்டும். இப்படி ஒரு இடத்தில் என்னைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு நீ படத்தில் மாலைக்குள் சிரித்துக்கொண்டிருக்கிறாயே, நியாயமா?

வீட்டுக்கு வந்து மன்னியிடம் சொன்னேன். "அவர் சாம்பல் ஆறலை, அதுக்குள்ளே கோர்ட்டுக்கு இழுக்கறயே கோமளம்" என்று அழுதாள். என் தழும்பை முதலில் பார்த்தவள் அவள்தான். சாட்சி சொல்ல வருவாளா? கேட்டிருக்கிறேன். இன்று காலையில் பெரியப்பா பெட்டி கட்டியாச்சா என்று கேட்டு வந்தபோது, "அவ எங்கேயும் போகலை" என்று மன்னிதான் வாசலில் நின்று சொல்லி அனுப்பினாள்.

நேற்று வக்காலத்தில் கையெழுத்துப் போட்டேன். கோடை விடுமுறை முடிந்து வழக்கு வரும். உன் வருஷ திதிக்கு நான் ஒரு குறையும் வைக்க மாட்டேன், அது ஒரு வாக்கு. இன்னொரு வாக்கும் தருகிறேன். கூண்டில் நிற்கும்போது அந்தக் கேள்வி வரும், உன் அண்ணாவுக்குத் தெரியாதா என்று. "தெரியும். தெரிந்தேதான் போடவில்லை" என்று பின்பெஞ்சு வரைக்கும் கேட்கிற மாதிரி சொல்வேன்.

நம் அப்பா பேரின் முதலெழுத்தை மறுபடியும் தன் பேருக்கு முன்னால் போட்டுக்கொண்ட,
உன் தங்கை,
ரா. கோமளம்