வாப்பா மெல்லுகிறார்

கல்முனைக்குடி,
22.02.1981

அன்பு மகன் ஜெமீலுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் நானும் உன் தங்கச்சி நதீராவும் சுகம், ஜித்தாவில் நீயும் அப்படியே இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். உன் வாப்பாவும் சுகம்தான், அவருடைய சுகத்தால்தான் எங்களுக்குச் சுகமில்லை.

வாப்பாவின் சீனி வருத்தம் எப்படி என்று கேட்டிருந்தாய். சோற்றைக் குறைத்து, இலைக்கறி கூட்டி, எதையும் நன்றாக மென்று சாப்பிடச் சொன்னார் டொக்டர். அவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார், அனுபவிப்பது நான். ஒரு பிடி சோற்றை வாயில் வைத்துக் கண்ணை மூடினார் என்றால், நான் சட்டி கழுவி, கோழி அடைத்து, வந்து பார்க்கும்போதும் வாயில் அதே பிடி. ஏதாவது கேட்டால் பொறு என்று கையைக் காட்டுவார். நம்முடைய ஆடுகூட இவரைப் பார்த்து அசைபோடுவதை நிறுத்திவிட்டது மகன். இலைக்கறியையாவது சந்தையில் வாங்குகிறாரா, அதுவுமில்லை. சீலைப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் டிப்போ வேலியோரம் பொன்னாங்காணி, கடைத்தெருவுக்குப் பின்னால் வாய்க்காலோரம் வல்லாரை என்று குந்திக் குந்திப் பிடுங்குகிறார். கல்முனை டவுன் முழுக்கத் தோட்டம்தான், சனத்துக்குத்தான் கண்ணில்லை என்கிறார். மகன் சவூதியில், வாப்பா வாய்க்காலில் என்று சனம் சிரிக்கிறது. அந்த இலைகளை உப்புத் தண்ணியில் அலசி அலசி என் கைரேகையே அழிந்துவிட்டது.

இதற்கிடையில் நதீராவுக்கு நல்லதொரு கலியாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூட மாஸ்டர். அவளுக்கும் பிடித்திருக்கிறது, வாயால் சொல்லவில்லை, தேத்தண்ணிக்குச் சீனிக்குப் பதிலாக உப்புப் போட்டுத் தந்தாள், நான் விளங்கிக்கொண்டேன். மாப்பிள்ளையின் வாப்பா அக்கரைப்பற்று சரீப் ஹாஜியார், கல்முனையில் புதிதாகச் சாப்பாட்டுக்கடை திறந்தவர். உன் வாப்பா அவர் முகத்தைக் கண்டதேயில்லை. சாய்ந்தமருதில் ஒரு கலியாண வீட்டில் இரண்டு பேரையும் ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் ஒரே சஹன் தட்டில் இருத்தலாம், சாப்பிட்டபடி கதைத்துப் பழகட்டும் என்று உன் மாமா அப்துல் ஸமட் ஏற்பாடு செய்தார்.

அதற்கு முதல் நாள் உன் வாப்பா வீட்டுக்கு வந்த கோலத்தைப் பார்க்க வேண்டும், சண்டையில் வென்றவர் போல. வாய்க்காலடியில் வல்லாரை பிடுங்கும்போது ஒரு கடையின் பின்கதவால் யாரோ மிச்சச் சோறும் பொலித்தீன் சிலுசிலுப் பைகளுமாக ஒரு வாளியை அப்படியே இவருடைய வல்லாரைக்கு மேலே கொட்டினாராம். அல்லாஹ் தந்த சோத்த வாய்க்கால்ல கொட்டுறியே, நீயெல்லாம் மனிசனா, இந்தப் பை உக்குமா என்று இவர் கத்த, பெனியனோடு நின்ற அந்த ஆள், ஆட்டுக்குப் புல்லுப் புடுங்க வந்தவருக்கு என்னத்துக்கு இவ்வளவு வாய் என்று கேட்டாராம். அடுத்த நாள் சஹனில் குந்தியதும் பார்த்தால், உன் வாப்பாவுக்கு நேரே முன்னால் தொப்பியும் வெள்ளைச் சட்டையுமாக அதே பெனியன்காரர். யா அல்லாஹ்! அவர்தான் சரீப் ஹாஜியார்.

திரைக்குப் பின்னால் நின்ற எனக்கு, இரண்டு பேரின் முகமும் போன போக்கிலேயே விசயம் விளங்கிவிட்டது. சஹனில் ஆறு பேரும் முடிக்காமல் ஒருவரும் கை கழுவ எழும்பக்கூடாதே. மற்ற நால்வரும் தங்கள் பக்கத்துச் சோற்றை வழித்து முடித்துவிட்டார்கள், உன் வாப்பா கண்ணை மூடி மெல்லுகிறார். உன் மாமாவின் கையில் கறி காய்ந்து வெடித்துவிட்டது. வேணுமெண்டு பழி வாங்குறார் என்று ஹாஜியார் நினைத்துவிட்டால் என்ன செய்வேன், என் பிள்ளையின் வாழ்வை இந்த மனிசன் கடைவாயில் போட்டு அரைக்கிறாரே என்று அழுதே விட்டேன். அப்போதுதான் கவனித்தேன், ஹாஜியாரின் பக்கத்துச் சோறும் அப்படியே கிடந்தது. உன் வாப்பா கண்ணைத் திறந்தார், தன் பக்கத்து நல்ல இறைச்சித் துண்டை எடுத்து ஹாஜியார் பக்கம் தள்ளினார். ஹாஜியார் அதைப் பார்த்துவிட்டு, எனக்கும் சீனிதான் காக்கா, டொக்டர் ஆகாதெண்டுட்டார் என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னாராம். உடனே உன் வாப்பாவின் முகம் பெருநாள் ஆகிவிட்டது. அப்ப மெல்லுங்க ஹாஜியார், ஓடவா போறம், மெல்லுங்க என்றாராம். இரண்டு பேரும் சேர்ந்து மெல்லத் தொடங்கினார்கள். அடுத்த பந்திக்குக் காத்திருந்தவர்கள் ஏசினார்கள், அந்தக் கலியாண வீட்டு மாப்பிள்ளை ஊர்வலம் வந்தது, போனது, இவர்கள் எழும்பவில்லை. கடைசியில், அந்த வல்லாரை இன்னும் உசிரோட இருக்கா என்று ஹாஜியார் கேட்டாராம். நீங்க வாளிய வேற பக்கம் கொண்டுபோனா தழைக்கும் என்றாராம் உன் வாப்பா. ஓம் என்றாராம் ஹாஜியார். உன் தங்கச்சியின் கலியாணம் அப்படித்தான் பேசி முடிந்தது.

இப்போது மிச்சச் சோறு நம்முடைய ஆட்டுக்கு வருகிறது. விடிந்தால் சம்பந்திமார் இரண்டு பேரும் வாய்க்காலுக்கு ஆளுக்கொரு கரையில் குந்தியிருக்கிறார்கள். மாப்பிள்ளை நம் வீட்டுக்குத்தானே வந்து இருக்கப்போகிறார், அவரையும் மெல்லப் பழக்கப்போகிறாராம் உன் வாப்பா. நீயும் அங்கே கண்டதையும் அவசரமாக விழுங்காதே மகன். இனிச் சாமான் அனுப்பும்போது சிலுசிலுப் பையில் சுற்றாதே, அவர் ஒவ்வொன்றையும் கழுவிக் கொடியில் காயப்போட்டு, என் சீலைகளுக்கு இடமில்லை.

நிக்காஹ் நோன்புப் பெருநாள் கழிந்து. எப்படியாவது லீவு எடுத்து வந்துவிடு. கலியாணச் சஹனில் அந்த இரண்டு பேருக்கும் நடுவில் உன் இடம் என்று இப்போதே முடிவாகிவிட்டது. சாப்பாட்டுக்குக் குறை வராது, எழும்பத்தான் முடியாது. உன் முகம் கண்டு மூன்று வருசமாகிறது. அன்றைக்கு அவர்கள் எவ்வளவு நேரம் மென்றாலும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன், திரைக்குப் பின்னால் நின்று உன்னையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அல்லாஹ் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும்.

உன் உம்மா,
மைமூனா