இடது சக்கரம்

நின்றிருக்க வேண்டிய இடது சக்கரம் தானாக மெல்லத் திரும்பியது. இன்று காலை பரண்மேலிருந்து நம் ரோபோவை இறக்கி, புது பேட்டரி போட்டேன். மூடியைத் திறந்ததும் மெஷின் எண்ணெய் வாசம். உங்கள் சட்டையில், தலையணையில் இருந்த அதே வாசம். அடுத்த நிமிடம் சக்கரம் நகர, ரோபோவை அப்படியே தரையில் வைத்துவிட்டேன்.

எனக்கு எடுத்த ஸ்கேனில் ஒரு கட்டி தெரிகிறதாம். வேறு லேபில் இன்னொரு முறை எடுக்கச் சொல்கிறார் டாக்டர். போகப் பயமாக இருக்கிறது. கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல்தான் இதை இறக்கினேன்.

நீங்கள் பனியன் கம்பெனியில் துணி பின்னும் நிட்டிங் மெஷின்களுக்கு எலக்ட்ரீஷியன். நான் அதே கம்பெனியில் கம்ப்யூட்டரில் பனியன் அளவு போடுகிறவள். மண்ணரையில் இருந்த பிரவுசிங் சென்டரில் ஞாயிறெல்லாம் உட்கார்ந்து படித்து, இந்தக் கிறுக்குத்தனத்தில் இறங்கினோம். சர்வோ மோட்டார் பாதி வட்டம்தான் திரும்பும். உள்ளே தடுக்கும் பல்லை வெட்டி, நடுநிலை காட்டும் தண்டைப் பசை போட்டு அசையாமல் நிறுத்தினால் சக்கரம்போல் முழுதாகச் சுற்றும். அது உங்கள் வேலை. புரோகிராம் என்னுடையது.

செய்து முடித்த அன்றும் இதே சக்கரம்தான் நகர்ந்தது. சக்கரங்கள் தரையில் படாதபடி, நூல் சுற்றி வரும் காலி அட்டைக் கோன்மேல் ரோபோவைத் தூக்கி வைத்தீர்கள்.

"அம்மிணி, உன்ற புரோகிராம்லதான் கோளாறு."

"இல்லீங்க, உங்க மோட்டார்லதானுங்க."

"சண்டை எதுக்கு? மாத்திப் போட்டுப் பாத்துப்போடலாம்."

இரண்டு மோட்டார்களின் ஒயர்களையும் இடம் மாற்றிச் செருகினீர்கள். அதே மோட்டார் நகர்ந்தால் கோளாறு மோட்டாரில். மற்றது நகர்ந்தால் மோட்டார்களுக்குக் கட்டளை அனுப்பும் போர்டில், அல்லது என் புரோகிராமில். அதே மோட்டார்தான் நகர்ந்தது. பிரித்துப் பார்த்தால், உள்ளே எண்ணெய். கம்பெனியில் எது முனகினாலும் ஒரு சொட்டு விடுகிற பழக்கத்தில் இதற்கும் விட்டிருந்தீர்கள். பசை பிடிக்காமல் தண்டு நழுவி, நடுநிலை மாறியிருந்தது. துடைத்துவிட்டு மறுபடி ஒட்டினீர்கள். ஒரு வாரம் உங்களைக் கிண்டலடித்தே தீர்த்தேன்.

அப்புறம் உங்கள் ஸ்கேன் ரிப்போர்ட் வந்தது. "லேப் தப்பா இருக்கும், மாத்திப் பாக்கலாங்க" என்று நான்தான் பிடிவாதமாகக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போனேன். அங்கேயும் அதேதான். திரும்பும் பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கோளாறு கூடவே வருது அம்மிணி. போர்டு இல்லை, மோட்டார்தான்" என்று சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டாவது லேப் என்றாலே எனக்கு இன்னும் பயம் வருவது அதனால்தான்.

இன்றும் ரோபோவைக் கோன்மேல் வைத்தேன். மோட்டாரில்தான் இருக்கும், நீங்கள் ஒட்டியது விட்டுப்போயிருக்கும் என்றே நினைத்தேன். அதைப் பார்க்கவும் பயந்தேன். ஒயர்களைக் கழற்றவே வெகுநேரம் ஆனது. இடம் மாற்றிச் செருகிவிட்டுப் பேட்டரியைப் போட்டேன்.

வலது சக்கரம் நகர்ந்தது. இடது அப்படியே நின்றது.

கோளாறு மோட்டாரில் இல்லை, போர்டில். நீங்கள் ஒட்டியது, நீங்கள் போய்ச் சேர்ந்து இத்தனை வருடம் கழித்தும் பிடித்திருக்கிறது. அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

இதற்கும் என் உடம்புக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியாதா? பயம் போகவில்லை. ஆனால் மாற்றிப் போட்டால் கோளாறு எப்போதும் கூடவே வருவதில்லை என்று இன்று கண்ணால் பார்த்துவிட்டேன். நாளைக் காலை கோயம்புத்தூர் பஸ் ஏறுகிறேன். வழி முழுக்க, "மாத்திப் போட்டுப் பாத்துப்போடலாம் அம்மிணி" என்று உங்களைப்போலவே எனக்கு நானே சொல்லிக்கொண்டு போவேன்.