கட்டிய கை

செவ்வாய், இரவு.

மகள் கவிதாவின் இடைநிலைப்பள்ளியில் கூப்பிட்டிருந்தார்கள். ஃபேக்டரிக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு யூனிஃபார்மோடு போனேன்.

கேள்வி கேட்டால் கையைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிகிறாளாம். ஒன்று திமிராம், இல்லையென்றால் ஒன்றும் தெரியவில்லையாம். மார்க் குறைந்த பிள்ளைகளைப் போடும் கடைசி வகுப்புக்கு மாற்றப்போகிறேன் என்று வகுப்பு ஆசிரியை மலாயில் சொன்னார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆறு வருடம் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பும்போது, வாத்தியார் முன்னால் கை கட்டி நிற்கச் சொல்லிப் பழக்கியது நான்தான். மரியாதை என்று பழக்கினேன். குனிந்து பார்த்தால், அந்த அம்மா முன்னால் நானும் கை கட்டித்தான் நின்றுகொண்டிருந்தேன்.

கையை எடுத்தேன். என் உடைந்த மலாயில், "இப்பவே ஒரு கணக்குக் கேளுங்க, சிக்கு" என்றேன். இங்கே டீச்சரை அப்படித்தான் கூப்பிடுவோம். கேட்டார். பக்கத்தில் நின்ற கவிதா மலாயிலேயே சரியாகச் சொன்னாள். இரண்டாவதற்கும் சொன்னாள். மூன்றாவது அவர் கேட்கவில்லை. "பார்க்கலாம்" என்றார். என்னத்தைப் பார்ப்பது? மாற்றினால் திரும்பவும் லீவு போட்டுவிட்டுப் போய் நிற்பேன்.

மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வரும்போது கவிதா கேட்டாள்: "இனிமே நான் கை கட்டக் கூடாதாம்மா?"

"கட்டிக்கலாம். தலைய மட்டும் குனியாத."