எழுதும்போதா, அனுப்பும்போதா

மார்ச் 3, செவ்வாய்

பரிசோதனைக்கூடத்தில் ஒரு ரத்த அறிக்கை பதிவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வார்டுக்குச் செய்தி கிளம்பும் முன் கணினி படுத்துவிட்டது. அந்த அறிக்கை வந்ததாகக் கொள்வதா, வரவில்லை என்பதா? இருபத்தைந்து வருடமாக மருத்துவமனைக்கு மென்பொருள் எழுதுகிறேன். எனக்குப் பதில் தெரியாது.

இன்று நின்றது வார்டுக் கணினி. கூடத்திலும் நாற்பது நிமிடம் எதையும் பதிய முடியவில்லை. இரு பக்கமும் 'தயார்' என்றால்தான் இரண்டும் எழுதும். என் ஏற்பாடு. கூடத்துப் பொறுப்பாளர் கேட்டார்: "அவங்க வீட்ல கரண்ட் போனா எங்க வீட்ல எதுக்கும்மா அடுப்ப அணைக்கணும்?"

ஓர் அறுவை சிகிச்சை மாலைக்குத் தள்ளிப்போனது.

மார்ச் 4

முன்பு என்னோடு வேலை பார்த்த ஒல்லியின் ஞாபகம். எதிரெதிர் மேசை, ஒரே மின்விசிறி, அது யார் பக்கம் என்று தினமும் வழக்கு. அவன் அன்றே சொன்னான்: "அறிக்கைய எழுதற அதே மூச்சுல, அனுப்ப வேண்டிய கடிதத்தையும் பக்கத்துலயே எழுதி வை. தனியா ஒருத்தன் எடுத்துட்டுப் போவான். ரெண்டு தடவ போனாலும் போகட்டும், போகாம மட்டும் இருக்கக் கூடாது."

"ரெண்டு தடவ வந்தா மருந்தும் ரெண்டு தடவ போகும்" என்றேன்.

நான் ஜெயித்தேன். அவன் வேறு வேலைக்குப் போனான். பதினேழு வருடம் பேசவில்லை. அவன் மேசையில் இப்போது பிரிண்டர்.

மார்ச் 6

அவன் முறையிலேயே எழுதிவிட்டேன். ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண். வந்த எண்ணே மறுபடி வந்தால் வார்டு தள்ளிவிடும். திங்கள் முதல் ஓட்டம். ஓர் அறிக்கை இரண்டானாலும் பழைய முறைக்கே திரும்பவேண்டும் என்கிறார் மேலாளர்.

மார்ச் 7

சோதனை. கடிதங்களை எடுத்துப்போகும் நிரலைப் பாதியில் நிறுத்தி, மறுபடி ஓட்டினேன். ஒரே அறிக்கை வார்டில் இரண்டாக நிற்கிறது. ஏன்? எண்தான் இருக்கிறதே —

மார்ச் 8, ஞாயிறு

வேறு வழியில்லை. ஒல்லியை அழைத்தேன்.

"என்ன மகாராணி, ஃபேன் என் பக்கம் திரும்பிடுச்சா?"

விஷயத்தைச் சொன்னேன். ஒரே கேள்வி கேட்டான்.

"நம்பர எப்பப் போடற? எழுதும்போதா, அனுப்பும்போதா?"

அனுப்பும்போது. அதாவது அனுப்பும் ஒவ்வொரு முறையும் புது எண். வார்டு எப்படிக் கண்டுபிடிக்கும்? முதல் வருட மாணவிகூட இப்படிச் செய்யமாட்டாள்.

"ரெண்டு தடவ வந்தா ஆபத்துன்னு நீ சொன்னத அப்ப நான் காதுலயே போட்டுக்கல" என்றான்.

இதைச் சொல்லப் பதினேழு வருடமா? "டீ ஆறுது" என்று வைத்துவிட்டேன். நன்றிகூடச் சொல்லவில்லை. என்ன பொம்பள நான்.

மதியத்துக்குள் திருத்தியாயிற்று.

மார்ச் 9, திங்கள்

11.20க்கு வார்டுக் கணினி படுத்தது, இருபத்தாறு நிமிடம். கூடம் நிற்கவில்லை. வார்டு எழுந்ததும் ஐம்பத்து மூன்று அறிக்கைகள் போயின. நான்கு மட்டும் இருமுறை. மறுமுறை வந்த நான்கையும் வார்டு தள்ளிவிட்டது.

ஒல்லியை அழைத்து எண்ணிக்கையைச் சொன்னேன். "மறுபடி சொல்லு" என்றான்.

சொன்னேன்.