கோட்டில் உட்காராத மூன்று புள்ளிகள்

ஜனவரி 9, செவ்வாய்
வெளியே மைனஸ் முப்பத்தொன்று. எஞ்சின் உறையாமலிருக்க இரவெல்லாம் மின்சார பிளக்கில் சொருகி வைத்தும் கார் கிளம்ப அடம்பிடித்தது.

ஆனால் என் சூத்திரம் கிளம்பிவிட்டது! தார் மாதிரிக் கெட்டியான எண்ணெயில் இத்தனை பங்கு கரைப்பான் கலந்தால், இந்தக் குளிரில் எவ்வளவு பாகாக இருக்கும் என்று அளக்காமலே சொல்லிவிடும். எங்கள் ஆய்வகத்தில் அளவெடுக்கும் கிளெம் தந்த நாற்பத்தாறு அளவுகளில் நாற்பத்துமூன்று, வரைபடத்தில் என் கோட்டின் மேல் அழகாக உட்கார்ந்துவிட்டன. மூன்று மட்டும் மேலே துருத்திக்கொண்டு நிற்கின்றன.

கிளெம் எட்டிப் பார்த்தார். "தாளோட பின்பக்கம் பாத்தியாம்மா?"

"எல்லாம் பாத்தாச்சு."

பார்க்கவில்லை. என்னிடம் முன்பக்க நகல் மட்டும்தான். பின்னால் என்ன இருக்கப்போகிறது, ஹாக்கி ஸ்கோரைக்கூடக் கிறுக்குகிற மனுஷர்.

ஜனவரி 12, வெள்ளி
மேலாளர் மோரிஸ் கூட்டத்தில் அந்த மூன்றைப் பற்றிக் கேட்டார். "கிளெமோட கைப்பிசகு, கணக்குலேர்ந்து எடுத்துட்டேன்" என்றேன். இருபத்தாறு வருடம் அளந்த கை. கிளெம் எதிரில்தான் இருந்தார். டோனட்டைப் பிட்டுக்கொண்டே இருந்தார், தின்னவில்லை.

ஜனவரி 16
கிளெமை எண்ணெய் டப்பாக்கள் வந்து இறங்கும் கொட்டகைக்கு மாற்றிவிட்டார்கள். "வயசாச்சு, கண்ணு மங்கியிருக்கும்" என்கிறார் மோரிஸ். நானும் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

ஜனவரி 22, திங்கள்
எங்கள் எண்ணெயைக் கொண்டுபோகும் குழாய்க் கம்பெனி அசல் தாள்களைக் கேட்டது. அலமாரியிலிருந்து எடுத்தேன். அந்த மூன்றின் பின்னாலும் பென்சிலில்: "மூடி கசிந்தது. அளந்தபின் மறுபடி எடை போட்டேன்." கீழே எடை.

கரைப்பான் ஆவியாகிப் போயிருக்கிறது. நான் இருபது பங்கு என்று போட்டது உண்மையில் பதினேழுதான். குறைந்தால் எண்ணெய் கெட்டியாகத்தானே இருக்கும்? திருத்திப் போட்டேன். மூன்றும் போய்க் கோட்டில் உட்கார்ந்தன — மற்ற எல்லாவற்றையும்விடக் கச்சிதமாக.

வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை இல்லை.

ஜனவரி 23
சொல்லவில்லை.

ஜனவரி 25
இன்றும் இல்லை. கொட்டகை வழியே போகாமல் பனியில் சுற்றிப் போனேன். மானங்கெட்டவளே! இதுல டாக்டர் பட்டம் வேற உனக்கு.

ஜனவரி 30
கொட்டகைக்குப் போனேன். "இப்பதான் பின்பக்கம் பாத்தேன்" என்று ஆரம்பித்தேன். அங்கேயும் பொய்! "இல்ல, போன வாரமே" என்று திருத்தினேன்.

கிளெம் டப்பாவில் சீட்டு ஒட்டிக்கொண்டே சொன்னார்: "தெரியும்மா. ஒரு வாரமா இந்தக் குளிர்ல சுத்திப் போறியே, சும்மாவா? என்கிட்ட எதுக்குச் சொல்றே, எனக்குத் தெரியாததா? யார் முன்னாடி என் கையைக் குத்தம் சொன்னியோ, அவங்க முன்னாடி சொல்லு."

பிப்ரவரி 2, வெள்ளி
கூட்டத்தில் சொன்னேன். பாக்காமலே பாத்தேன்னு சொன்னது நான், தப்பு என்னோடதுன்னு. யாரும் டோனட் பெட்டியைத் தொடவில்லை. கொட்டகைக்காரர்களைக் கூட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை. கிளெம் இல்லையே என்று உள்ளுக்குள் நிம்மதிப்பட்டேன். அந்த நிம்மதியோடு உட்கார முடியவில்லை. மோரிஸிடம் சொல்லி அவரை வரவழைத்து, இன்னொரு தடவை, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

பிப்ரவரி 12, திங்கள்
கிளெம் பழைய மேசைக்கே வந்துவிட்டார். மதியம், புது அளவுகளின் முதல் தாளை என் முன் வைத்துவிட்டுப் போனார். அளவுகளுக்குக் கீழே கொட்டை எழுத்தில்: "திருப்பவும்."

திருப்பினேன். வெறும் தாள்.

அவர் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே கேட்டார்: "பாத்தியாம்மா?"

"பாத்தேன்."